மான் வேட்டைக்கு ஒரு கம்பளி பேன்ட்: வெர்மான்ட் மலைக்காட்டில் நவம்பர்

நவம்பர் நடுவில் வரும் ஒரு சனிக்கிழமை. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஆனாலும் வடக்கு வெர்மான்ட் கிராமங்களில் பல வீட்டுச் சமையலறைகளில் விளக்கு எரிகிறது. பிளாஸ்க்கில் காபி நிரம்புகிறது. விறகு அடுப்புக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கனத்த பச்சை நிற பேன்ட்டை எடுத்து, கால்களை நுழைத்து, தோள்பட்டையில் சஸ்பெண்டரை இழுத்து மாட்டிக்கொண்டு ஆட்கள் கிளம்புகிறார்கள். ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. அன்றுதான் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு 12 நாள் முன்னதாக ஆரம்பித்து 16 நாள் நடக்கும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டு இருக்கும் சின்ன மாநிலம் வெர்மான்ட். மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய ஆறரை லட்சம்தான். இங்கே மான் வேட்டை பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல. வேலி போடாத நிலத்தில் வேட்டையாடும் உரிமையை 1777ஆம் வருடத்து மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் வேண்டாமென்றால் அவர்தான் பலகை மாட்ட வேண்டும். ஒரு மான் கிடைத்தால் எலும்பு நீக்கி இருபது கிலோவுக்கு மேல் கறி தேறும். குளிர்காலம் முழுக்க அது ஃப்ரீசரில் இருக்கும். மரம் வெட்டுபவர், பால் பண்ணையில் வேலை செய்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் என்று சாதாரணக் குடும்பங்களுக்கு அது நிஜமான சிக்கனம். அந்தச் சிக்கனம் பேன்ட் விலையிலேயே கரைந்துவிடக் கூடாது என்பதுதான் ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாகக் காட்டுக்குப் போகிறவர்களின் கவலை.

பேன்ட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நவம்பர் வெர்மான்ட்டின் குளிரைப் பார்த்தால் விஷயம் புரியும். காலையில் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து, எட்டு டிகிரி. பதினோரு மணிக்கு மேல் லேசாக வெயில், அல்லது பனியும் மழையும் கலந்த தூறல். மறுபடி மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கி, நனைந்ததெல்லாம் உறைய ஆரம்பிக்கும். ஒரே சீராக உறைபனியாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். நனைந்து, பிறகு குளிர்வதுதான் ஆளைச் சாய்க்கும்.

முதல் முறை போகிறவர்கள் செய்யும் தவறு ஜீன்ஸ். ஜீன்ஸ் பருத்தி. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டிவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். சதுப்பில் ஒரு தடவை கால் வைத்து, முழங்கால் வரை நனைந்துவிட்டு, அதே ஜீன்ஸோடு மூன்று மணி நேரம் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தால் முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல் மரத்துப்போகும். அப்புறம் வருவதுதான் ஆபத்து: புத்தி மந்தமாகும், வழி தெரியாது, நடுக்கம்கூட நின்றுபோகும். இந்த நிலைக்கு உறைபனி வேண்டும் என்பதில்லை. ஐந்தாறு டிகிரி வெப்பத்தில், மழையில் நனைந்தே ஆட்கள் செத்திருக்கிறார்கள். 'பருத்தி கொல்லும்' என்று அந்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

கம்பளியின் குணம் வேறு. ஆட்டு ரோமம் இயல்பிலேயே சுருள் சுருளானது. அந்தச் சுருளுக்குள் காற்று அடைபட்டு நிற்கும்; நனைந்தாலும் அது முழுக்க அமுங்கிவிடாது. தன் எடையில் ஏறக்குறைய முப்பது சதவிகித ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாமல் இருக்கும். ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். வேட்டைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கம்பளி சத்தம் போடாது. நைலான் பேன்ட் போட்டுக்கொண்டு ஒரு கிளையை உரசினால் 'சர்ர்' என்று கேட்கும். அந்தச் சத்தம் காட்டில் எங்குமே இல்லாத சத்தம். மானின் காதுக்கு அது போதும்.

செம்மறி ஆடு தின்ற காடு

இந்த மாநிலத்துக்கும் கம்பளிக்கும் உள்ள உறவு இருநூறு வருடத்துக் கதை. போர்ச்சுகலில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ், 1811இல் வெர்மான்ட்டின் வெதர்ஸ்ஃபீல்ட் ஊருக்கு ஸ்பெயின் தேசத்து மெரினோ ஆடுகளைக் கொண்டுவந்தார். அதுவரை அந்த ஆட்டை ஸ்பெயின் எளிதில் வெளியே விட்டதில்லை. நெப்போலியன் போர்க் குழப்பத்தில்தான் கதவு திறந்தது. அதன்பிறகு வெர்மான்ட்டுக்குப் பிடித்தது ஆட்டுப் பைத்தியம். 1840 வாக்கில் அங்கே சுமார் 17 லட்சம் ஆடுகள். ஜனங்களோ மூன்று லட்சத்துக்கும் குறைவு. ஆளுக்கு ஆறு ஆடு கணக்கு வருகிறது!

ஆடு மேய இடம் வேண்டுமே. மலைச்சரிவெல்லாம் மரத்தை வெட்டித் தள்ளினார்கள். நிலத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி வேலியாக அடுக்கினார்கள். காடு போனது, காட்டோடு மானும் போனது. பிறகு இறக்குமதி வரி குறைந்தது, ரயில் வந்தது, மேற்கு மாநிலங்களில் மலிவாக ஆடு வளர்க்க முடிந்தது. வெர்மான்ட் ஆட்டுப்பண்ணைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பிழைக்க வழியில்லாமல் ஆட்களும் மேற்கே போனார்கள். விட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் பிர்ச்சும் மேப்பிளும் தானாக முளைத்தன. 1878இல் பக்கத்து நியூயார்க் மாநிலத்திலிருந்து 17 மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1897இல் மறுபடி வேட்டைக்கு அனுமதி கிடைத்தபோது அந்த வருடம் சுட்டது நூற்றுச் சொச்சம் மான். இன்று மாநிலத்தில் நான்கில் மூன்று பங்கு காடுதான்.

அதனால் இன்றைக்கும் நடுக்காட்டில், எந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லாமல், பாசி படர்ந்த கல்வேலி ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். யாரோ ஒரு ஆட்டுக்காரர் அடுக்கியது. மான் அந்த வேலியைத் தாண்டும் இடம் பார்த்து, கம்பளி பேன்ட் போட்டுக்கொண்டு ஒருவர் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

ஜான்சன் என்ற ஊர்

பேன்ட் என்றதும் வெர்மான்ட்காரர்கள் சொல்லும் ஊர் ஜான்சன். மாநிலத்தின் வடக்கில், லமோயில் ஆற்றோடு இன்னொரு சிற்றாறு வந்து சேரும் இடத்தில், சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பேர் வசிக்கும் ஊர். ஒரு நெடுஞ்சாலைதான் கடைத்தெரு. கல்லூரி ஒன்று உண்டு. ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்து தங்கி வேலை செய்யும் கலை மையம் ஒன்றும் உண்டு. அதனால் அந்தத் தெருவில் தாடி வைத்த ஒருவரைப் பார்த்தால் அவர் கவிஞரா, மரம் வெட்டுபவரா என்று உடனே சொல்லிவிட முடியாது. இருவருமே அதே கட்டம் போட்ட கம்பளிச் சட்டையில்தான் இருப்பார்கள்.

ஜான்சன் உல்லன் மில்ஸ் இங்கே 1842இல் தொடங்கியது. சுற்றுவட்டார விவசாயிகள் ரோமத்தைக் கொண்டுவந்து கொடுத்துத் துணியாக வாங்கிப் போவார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதை நடத்தியது. இப்போது அங்கே தறி ஓடுவதில்லை. துணி வெளியிலிருந்து வருகிறது; வெட்டுவதும் தைப்பதும்தான் மில்லின் வேலை. ஆனாலும் கரும்பச்சை நிறத்தில், விறைப்பாக, காலை நுழைத்ததும் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்ட மாதிரி இருக்கும் அந்த பேன்ட்டை வெர்மான்ட்டில் பலர் 'ஜான்சன் பேன்ட்' என்றே சொல்கிறார்கள்.

அந்த ஆறு இந்த ஊரைச் சும்மா விடவில்லை. 2023 ஜூலை வெள்ளத்தில் கடைத்தெருவே மூழ்கியது. ஊரின் மளிகைக் கடை அதோடு மூடப்பட்டது. அதே வருடம் டிசம்பரில் மறுபடி தண்ணீர் வந்தது. ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூட அடுத்த ஊருக்குக் கார் எடுக்க வேண்டிய நிலையில், 'உள்ளூர்க் கடையில் புது பேன்ட் வாங்குங்கள்' என்று சொல்வது சுலபம், வாங்குவது கஷ்டம்.

விலைதான் அப்படி. நல்ல கனமான கம்பளி பேன்ட் புதிதாக வாங்கினால் 150 டாலரைத் தாண்டிவிடும். பெயர்பெற்ற சில பிராண்டுகளில் அதைப்போல இரண்டு மடங்கு. வருடத்தில் 16 நாள் போடும் உடுப்புக்கு அந்தப் பணமா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பழசுதான், ஆனால் பார்த்து

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் போவது பழைய துணிக் கடைக்கு. சர்ச்சுகளில் அக்டோபரில் நடக்கும் பழைய பொருள் விற்பனை, தர்மக் காரியத்துக்கு நடத்தும் செகண்ட் ஹேண்ட் கடைகள், வயதானவர் காலமான வீட்டில் சாமான் விற்கும் நாள். தாத்தாவின் கம்பளி பேன்ட் அங்கே பத்து, பதினைந்து டாலருக்கும் கிடைக்கும். பென்சில்வேனியாவில் 1830இல் தொடங்கிய உல்ரிச் மில் 2018 கடைசியில் மூடப்பட்டது. அதன் பழைய வேட்டைப் பேன்ட்டுகள் இன்னும் இப்படிக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முப்பது நாற்பது வருடத்துப் பேன்ட் என்றால் தயங்க வேண்டியதில்லை. கம்பளி அவ்வளவு காலம் தாங்கும், பூச்சி தொடாமல் இருந்தால்.

பூச்சிதான் முதல் சோதனை. பேன்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடிக்க வேண்டும். குண்டூசித் துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் பூச்சி அரித்திருக்கிறது. கால் பகுதியில் ஒன்றிரண்டு துளை என்றால் தைத்துக்கொள்ளலாம். கவட்டையிலும் பின்பக்கத்திலும் துணி மெலிந்து வலை மாதிரி இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுவது நல்லது. அங்கே ஒட்டுப் போட்டாலும் நிற்காது. பாச்சை உருண்டை வாசனை அடித்தால் பயமில்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனால் மான் அரை மைலுக்கு அப்பாலேயே வாலைத் தூக்கிவிடும். மூன்று வாரம் கொடியில் காற்றாட விட வேண்டும். அக்டோபரிலேயே வாங்கச் சொல்வது அதற்காகவும்தான்.

அடுத்தது, இது கம்பளிதானா என்பது. பழைய பேன்ட்டில் லேபிள் இருக்காது. உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சி காட்டிப் பார்க்கிறார்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை நூல். கம்பளியில் கொஞ்சம் நைலான் கலந்திருந்தால் குறை சொல்ல வேண்டாம். பத்தில் இரண்டு பங்குக்குள் இருந்தால் முட்செடியில் கிழியாமல் இருக்க அது உதவுகிறது. பாதிக்குப் பாதி கலந்தது பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும், நனைந்தால் கம்பளி அளவுக்குச் சூட்டைக் காக்காது. லேபிள் இருந்தால் அந்த எண்ணைப் படிக்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

ராணுவம் கழித்துவிட்ட சரக்கு விற்கும் கடைகள் இரண்டாவது வழி. கொரியப் போர்க் குளிரில் பாடம் படித்த அமெரிக்க ராணுவம் எம்-1951 என்ற பெயரில் ஆலிவ் பச்சைக் கம்பளி பேன்ட் தைத்தது. அது இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்கள் கண்ணில் பட்டு விலை ஏறிவிட்டது. ஸ்வீடன் ராணுவத்தின் சாம்பல் நிறப் பேன்ட் இன்னும் மலிவு. அதன் துணி சாக்கு மாதிரி முரடு. இடுப்பு தொப்புளுக்கு மேலே வரும். அளவு எண்களோ தலையும் புரியாது வாலும் புரியாது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்ப்பதே வழி. சாம்பல் நிறம் காட்டுக்குப் பொருந்துமா என்ற கவலை வேண்டாம். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது. இலை தழை வரைந்த துணிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், வாங்குகிற மனிதனின் கண்ணுக்காகத்தான். மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்காக மேலே ஓர் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டால் போதும். வெர்மான்ட்டில் அது கட்டாயமில்லை. ஆனாலும் போடாமல் போவது முட்டாள்தனம்.

கனம் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். துணியின் கனத்தை கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வது அங்கே வழக்கம். 24 அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட 680 கிராம், போர்வைக் கனம். மரத்தின் மேல் பலகை கட்டி, காலையிலிருந்து மதியம் வரை அசையாமல் உட்காருகிறவருக்கு அது சரி. ஆனால் வெர்மான்ட்டில் இன்னொரு வகை வேட்டை உண்டு. முதல் பனி விழுந்ததும் ஓர் ஆண் மானின் குளம்படியைப் பிடித்து, அதன் பின்னாலேயே மலை ஏறி இறங்கி நாள் முழுக்க நடப்பது. டக்ஸ்பரி ஊரைச் சேர்ந்த லாரி பெனோய்ட்டும் அவர் பிள்ளைகளும் அதில் பெயர் பெற்றவர்கள். பச்சைக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டோடு அந்தக் குடும்பம் இருக்கும் படங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. அப்படி நடக்கிறவர் 24 அவுன்ஸ் பேன்ட் போட்டால் ஒரு மணி நேரத்தில் வேர்த்து நனைந்துவிடுவார். பிறகு நின்றதும் அந்த வேர்வையே குளிரும். அவருக்கு 16, 18 அவுன்ஸ் போதும். அது விலையும் குறைவு. இருப்பதிலேயே கனமானதுதான் நல்லது என்று நினைத்து வாங்குகிற இளைஞர்கள் இரண்டாம் நாளே கழற்றிப் போடுவது இதனால்தான்.

அளவு எப்போதும் ஒன்று கூட. உள்ளே முழுக்கால் உள்ளாடை போட வேண்டும். இல்லாவிட்டால் அரிப்பு தாங்காது. அப்படி இரண்டையும் போட்டுக்கொண்டு கடையிலேயே குத்தவைத்துப் பார்க்க வேண்டும். முழங்கால் மேலே தூக்க வராத பேன்ட்டோடு விழுந்த மரத்தைத் தாண்ட முடியாது. நனைந்தால் கம்பளி கனக்கும், பெல்ட் அதைத் தாங்காமல் இடுப்பிலிருந்து நழுவும். அதனால் சஸ்பெண்டர் பட்டன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றாலும் கவலையில்லை, ஆறு பட்டன் தைக்க அரை மணி நேரம் ஆகுமா? நீளத்தைக் கணுக்காலுக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுவது அந்தக் காலத்து மரம்வெட்டிகள் வழக்கம். கீழே மடிப்புக்கூட வைக்காமல் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். கிளையில் சிக்கினால் கிழிந்து விடுபடும், ஆளைக் கவிழ்க்காது. பனியில் இழுபட்டு நுனி உறைவதும் இல்லை.

துணியின் மேற்பரப்பை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது கடைசிச் சோதனை. சத்தம் வரக் கூடாது. அதேசமயம் ரோமம் புசுபுசுவென்று நீண்டு நிற்கவும் கூடாது. அப்படிப்பட்ட துணியில் ஈரப்பனி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், மத்தியானத்துக்குள் காலில் ஒரு கிலோ பனியைச் சுமந்து நடக்க வேண்டியிருக்கும்.

வாங்கியாயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து வாஷிங் மெஷினில் வெந்நீர் விட்டுப் போட்டால், அப்பாவுக்கு வாங்கிய பேன்ட் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சரியாக இருக்கும். இந்த விபத்து நடக்காத வேட்டைக் குடும்பமே இல்லை என்று சொல்லலாம். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, பிழியாமல் தட்டையாக உலர்த்துதல். வெள்ளைத்துணியைப் பளபளக்க வைக்கும் சோப்புத்தூள் கூடாது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம் மானுக்குத் தெரியும். உண்மையில் பலர் துவைப்பதே இல்லை. பருவம் முடிந்ததும் உதறி, பிரஷ் போட்டு, இரண்டு நாள் வெளியே தொங்கவிட்டு, இறுக மூடிய பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் வேட்டை முடிந்து வருகிறவர்கள் முதலில் நிற்பது ஊர்க் கடை வாசலில். அங்கே தராசு தொங்குகிறது. மானை அதில் மாட்டி எடை பார்த்து, பதிவு எழுதிக்கொள்ள வேண்டும். யாருக்குக் கிடைத்தது என்று பார்க்கக் குழந்தைகள் கூடுவார்கள். கிடைக்காதவர்கள்தான் அதிகம். அவர்கள் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே தராசைப் பார்த்து நிற்பார்கள். பேன்ட்டிலிருந்து பனி உருகிச் சொட்டும். வீட்டுக்குப் போனதும் அதைக் கழற்றி, அடுப்புக்கு ஒட்டாமல் நான்கடி தள்ளி அதே ஆணியில் மாட்டுவார்கள். விடியற்காலை நான்கு மணிக்குள் அது காய்ந்துவிடும்.